பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டார்களா?

பிள்ளை பெற்றவர்களுக்குச் சொந்தமா என்ற கேள்வியைக் கேட்டாலே சிலருக்குக் கோபம் வருகிறது. "பெத்தது நாங்க, வளர்த்தது நாங்க, படிக்க வச்சது நாங்க. எங்களுக்கு இல்லாத உரிமை வேற யாருக்கு?" என்கிறார்கள். அந்தக் கோபத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. வேளச்சேரியில் விஜயநகர், தண்டீஸ்வரம், ராம் நகர் என்று எந்தப் பக்கம் நடந்தாலும், குமரி மாவட்டத்திலிருந்தோ நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்தோ வந்த ஒரு அண்ணாச்சியின் கடை கண்ணில் படும். விடியும் முன்னே கோயம்பேடு போய்ச் சரக்கு எடுத்து, ராத்திரி பதினொரு மணிக்கு ஷட்டரை இறக்கி, தீபாவளி அன்றும் அரை நாள் கடை திறந்து, அந்தக் காசில் பிள்ளைகளை இன்ஜினீயர் ஆக்கியவர்கள் அவர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கடைக்குள் தண்ணீர் புகுந்து அரிசி மூட்டையும் பருப்பு மூட்டையும் ஊறிப்போன பிறகும், கடன் வாங்கிக் காலேஜ் ஃபீஸ் கட்டியவர்கள் உண்டு. அப்படி வளர்த்த பிள்ளை ஒருநாள் எதிரில் வந்து நின்று, "இந்த வேலை எனக்குப் பிடிக்கல", "நான் இவரத்தான் கட்டிக்குவேன்", "எனக்குக் கல்யாணமே இப்ப வேண்டாம்" என்று சொன்னால் நெஞ்சு அடைக்கத்தான் செய்யும்.

ஆனால் அதே அண்ணாச்சியின் பழைய கதையையும் கொஞ்சம் கேட்டுப் பார்க்க வேண்டும். பதினாறு, பதினேழு வயதில் ஒரு மஞ்சள் பையோடு ரயில் ஏறியவர்கள் பலர். பனைத்தொழிலைப் பார்க்கச் சொன்ன அப்பாவிடம், வயலைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன தாத்தாவிடம், "மாட்டேன், நான் மெட்ராஸ் போறேன்" என்று சொல்லிவிட்டு வந்தவர்கள். சிலர் சொல்லாமலே வந்துவிட்டார்கள். ஊரில் அம்மா அழுதாள், அப்பா ஒரு வருஷம் பேசாமல் இருந்தார். பிறகு கடை பெருகியது, வீடு கட்டியாயிற்று, இப்போது அந்த ஓட்டத்தைப் பெருமையாகச் சொல்கிறோம். அன்றைக்கு அவர் தன் அப்பாவிடம் மீறி எடுத்துக்கொண்ட ஒன்றைத்தான் இன்றைக்கு மகள் அனுமதியோடு கேட்கிறாள். வேளச்சேரியில் குடியேறிய நம்மவர்களில் வீட்டார் பேச்சை அப்படியே கேட்டிருந்தால் இங்கே வந்திருக்கவே மாட்டோம் என்பவர்கள் கொஞ்சம் பேர் அல்ல.

இந்த விஷயத்தில் வேளச்சேரிக்குப் பக்கத்திலேயே, அடையாற்றில், நூறு வருஷத்துக்கு முன் ஒரு பெரிய வழக்கு நடந்திருக்கிறது. தரமணி வழியாக மத்திய கைலாஷ் போய் அடையாறு பாலத்தை நோக்கித் திரும்பினால், பெரிய ஆலமரத்துக்குப் பேர் போன பிரம்மஞான சபைத் தோட்டம் வரும். அந்தத் தோட்டத்தில் வளர்ந்த ஒரு பையனுக்காகத் தந்தை ஒருவரும், அவனைத் தன் மகனாகவே எண்ணிய ஒரு பெண்மணியும் கோர்ட் ஏறினார்கள்.

தந்தையின் பெயர் நாராயணையா. அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி 1905இல் இறந்துவிட்டார். சபையின் பழைய உறுப்பினர் என்பதால் அங்கே வேலை கேட்டு 1909 தொடக்கத்தில் பிள்ளைகளோடு அடையாறு வந்து, தோட்டத்துக்கு வெளியே ஒரு சின்ன வீட்டில் குடியிருந்தார். அவருடைய பிள்ளைகளில் ஒருவன் கிருஷ்ணமூர்த்தி, மதனப்பள்ளியில் 1895இல் பிறந்தவன். மெலிந்த உடம்பு, எப்போதும் ஏதோ நினைவு. மயிலாப்பூரில் பென்னாத்தூர் சுப்பிரமணியம் பள்ளிக்குத் தம்பி நித்யானந்தாவோடு நடந்து போவான். பாடம் ஏறாத பையன் என்று வாத்தியாரிடம் அடி வாங்குவான். அந்தப் பையனைச் சபையின் முக்கியஸ்தரான லெட்பீட்டர் கடற்கரையில் பார்த்து, இவன்தான் உலகத்துக்கு வரப்போகிற குருவின் உருவம் என்று சொல்லிவிட்டார். சபையின் தலைவர் அன்னி பெசன்ட் அம்மையாரும் அதை நம்பினார். பெசன்ட் நகர் என்று நாம் சொல்வது அவர் பெயரால்தான்.

1910இல் நாராயணையா இரண்டு பிள்ளைகளுக்கும் அன்னி பெசன்ட் காப்பாளராக இருக்க எழுதிக் கொடுத்தார். வறுமையில் இருந்த தந்தைக்குப் பிள்ளைகள் நல்ல படிப்புப் படிப்பார்கள் என்ற ஆசை இருந்திருக்கும். அடுத்த வருஷமே கிருஷ்ணமூர்த்தியைத் தலைமையாக வைத்து ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. பிள்ளைகள் இங்கிலாந்துக்குப் போனார்கள். தந்தைக்கு மனம் மாறிவிட்டது. தன் பிள்ளைகளைத் தன்னிடம் தரச் சொல்லி 1912இல் வழக்குப் போட்டார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. அன்னி பெசன்ட் வக்கீல் வைக்காமல் தானே வாதாடினார். தந்தைக்காக வாதாடியவர் பிற்காலத்தில் திருவிதாங்கூர் திவானாக இருந்த சி.பி. ராமசாமி ஐயர். குமரி மாவட்டத்துப் பெரியவர்களுக்கு அந்தப் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

1913இல் தீர்ப்பு தந்தைக்குச் சாதகமாக வந்தது. மேல்முறையீட்டிலும் அப்படியே. அன்னி பெசன்ட் விடவில்லை. அந்தக் காலத்தில் இந்திய வழக்குகளுக்கெல்லாம் கடைசிப் படியாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனார். 1914இல் அங்கே தீர்ப்பு மாறியது. பிள்ளைகள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். அவர்களுடைய விருப்பம் என்ன, அவர்களுக்கு நல்லது எது என்று விசாரிக்காமல் அவர்களைக் கப்பலில் ஏற்றி அனுப்பச் சொல்லி உத்தரவு போட முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இரண்டு வருஷம் வழக்கு. பெரிய பெரிய வக்கீல்கள், நீதிபதிகள். பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. தந்தையின் உரிமை பேசப்பட்டது, வளர்ப்புத் தாயின் உரிமை பேசப்பட்டது. அந்தப் பிள்ளைகளை யாராவது கூப்பிட்டு, "உனக்கு என்னப்பா வேணும்?" என்று கேட்டார்களா? கடைசிக் கோர்ட்டுக்குப் போன பிறகுதான் அந்தக் கேள்வியே எழுந்தது. அப்போது கிருஷ்ணமூர்த்திக்குப் பத்தொன்பது வயது.

தந்தை கெட்டவர் அல்ல. பிள்ளையை ஏழு கடல் தாண்டி வைத்திருந்தால் எந்தத் தகப்பனுக்கும் வயிறு எரியும். அன்னி பெசன்டும் கெட்டவர் அல்ல. அந்தப் பையன் மேல் அவர் வைத்த பாசம் உண்மையானது. ஆனால் தந்தையைப் போலவே அவரும் ஒரு காரியம் செய்தார். பதினான்கு வயதுப் பையனிடம் கேட்காமலே அவன் யார், என்ன ஆகப் போகிறான் என்று முடிவு கட்டி உலகத்துக்கே சொல்லிவிட்டார். "எம்மவன் டாக்டர்தான்" என்று பிள்ளை பிறந்த மூன்றாம் மாதமே தெருவில் சொல்லும் தகப்பனுக்கும் அதற்கும் அளவில்தான் வித்தியாசம்.

அதன் பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். கிருஷ்ணமூர்த்தி வளர்ந்தார். கூடப் பிறந்த நித்யானந்தா 1925இல் காசநோயில் இறந்தார். தம்பி பிழைத்துவிடுவான் என்று பெரியவர்கள் சொன்னதை அவர் முழுக்க நம்பியிருந்தார். அந்த நம்பிக்கை உடைந்தது. 1929 ஆகஸ்ட் 3ஆம் தேதி, ஹாலந்து நாட்டில் ஓமன் என்ற ஊரில் ஆயிரக்கணக்கான சங்கத்தார் கூடியிருந்தார்கள். அன்னி பெசன்டும் எதிரில் இருந்தார். அவர்கள் முன்னால் எழுந்து நின்று, தன்னைத் தலைவனாகக் கொண்ட அந்தச் சங்கத்தையே கலைத்துவிட்டார். தனக்குப் பின்னால் யாரும் வர வேண்டாம், தான் யாருக்கும் குரு இல்லை என்றார். சங்கத்துக்கு வந்திருந்த நிலம், சொத்துகளையும் கொடுத்தவர்களிடமே திருப்பிக் கொடுக்க ஏற்பாடு செய்தார்.

அப்போது அன்னி பெசன்டுக்கு வயது எண்பத்தொன்று. இருபது வருஷம் ஊர் ஊராகப் போய், இவன்தான் வரப்போகிற குரு என்று பேசியவர். அவன் பொருட்டுக் கோர்ட்டில் நின்றவர், உலகத்தின் கேலியைத் தாங்கியவர். அந்தப் பிள்ளை உலகத்தின் முன்னாலேயே, "எனக்கு இது வேண்டாம்" என்று சொல்லிவிட்டான். நம் வீட்டில் ஒரு பெண் பார்த்து வைத்து, பத்திரிகை அடித்து, மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகு பையன் மாட்டேன் என்றால் என்ன பாடு படுகிறோம்! அதைப் போல எத்தனை மடங்கு என்று நினைத்துப் பாருங்கள். சபையில் பலருக்கு மனக்கசப்பு. ஆனால் அன்னி பெசன்ட் அவரை வெறுத்து ஒதுக்கவில்லை. மகன் என்ற பாசம் போகவில்லை. கிருஷ்ணமூர்த்தியும் அவரை அம்மா என்றே அழைத்தார். 1933 செப்டம்பரில் அடையாற்றில் அன்னி பெசன்ட் காலமானார். கிருஷ்ணமூர்த்தி சொந்தப் பாதையில் உலகமெல்லாம் பேசிக்கொண்டு போய், 1986 ஜனவரியில் இதே சென்னையில் கடைசியாகப் பேசினார். அடுத்த மாதம் அமெரிக்காவில் இறந்தார். பெற்ற தந்தையையும் அவர் மறக்கவில்லை. வழக்கெல்லாம் முடிந்து வருஷங்கள் கழித்து இந்தியா வந்தபோது அண்ணனும் தம்பியும் போய் அவரைப் பார்த்தார்கள்.

1914இல் கோர்ட்டில் ஜெயித்த அன்னி பெசன்டைவிட, 1929இல் தோற்றுப் போன அன்னி பெசன்ட் பெரியவர் என்றே சொல்ல வேண்டும். பாசம் இருந்ததா என்பதைப் பிள்ளை நம் சொல் கேட்கும் வரைக்கும் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அவன் கேட்காமல் போன அன்றைக்குத்தான் அது தெரிகிறது.

"எல்லாப் பிள்ளையும் கிருஷ்ணமூர்த்தியா? எங்க பய ஊர் சுத்தறதுக்குச் சுதந்திரம் கேக்கறான்" என்று ஒருவர் சொல்லலாம். சரியான கேள்விதான். கேட்டதையெல்லாம் தூக்கிக் கொடுப்பது பாசம் ஆகாது. பத்து வயதுப் பிள்ளை பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்றால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். 18 வயது நிறைந்தவர் தன் காரியத்தைத் தானே முடிவு செய்யலாம் என்று நம் நாட்டில் 1875ஆம் வருஷத்திலிருந்தே சட்டம் இருக்கிறது. அதற்கு முன்னால் அந்தப் பொறுப்பு பெற்றவர்களுடையது. பதினெட்டாம் பிறந்தநாள் அன்று காலையில் திடீரென்று புத்தி வந்துவிடாது என்பதும் உண்மை. அதனால்தான் எட்டு வயதிலேயே சட்டை நிறத்தையும், பதினான்கில் படிக்கும் பிரிவையும் பிள்ளையிடம் கேட்டுப் பழக வேண்டும். இருபத்தைந்து வயது வரை ஒன்றையும் கேட்காமல் வளர்த்துவிட்டு, "இவளுக்கு ஒரு முடிவு எடுக்கத் தெரியுதா பாரு" என்றால் தப்பு யாருடையது?

இன்னொரு வேறுபாடும் உண்டு. பிள்ளை குடியில் விழுந்து கிடக்கிறான், கட்டிய புருஷன் மகளை அடிக்கிறான், மனம் உடைந்து உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு பேசுகிறான் என்றால், அது அவர்கள் வாழ்க்கை என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கக்கூடாது. கதவை உடைத்தாவது உள்ளே போக வேண்டும். அங்கே ஆபத்து பிள்ளைக்கு. "நாலு பேர் என்ன சொல்வாங்க", "சம்பந்தம் பேசினவங்க முகத்துல எப்படி முழிப்பேன்" என்பது வேறு. அங்கே ஆபத்து நம் கௌரவத்துக்கு. இந்த இரண்டையும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். குழப்பிவிட்டு, நம் கௌரவத்துக்கு வந்த பயத்தைப் பிள்ளையின் நன்மை என்று பெயர் சொல்லிப் பேசுகிறோம். ராத்திரி தனியாகப் படுத்திருக்கும்போது ஒருவர் தன்னைத் தானே கேட்டுக்கொண்டால் எது எது என்று தெரிந்துவிடும்.

நினைத்ததை வாய் திறந்து சொல்லக்கூடாது என்பதும் இல்லை. "இந்த வேலைய விடாத, இந்தக் காரணத்துக்காகச் சொல்றேன்" என்று அப்பா சொல்லலாம், சொல்ல வேண்டும். அனுபவப்பட்டவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் பிள்ளைக்குத்தான் நஷ்டம். ஒரு முறை சொல்லலாம், விளங்கவில்லை என்றால் இன்னொரு முறையும் சொல்லலாம். முப்பதாவது முறை சொல்வது யோசனை ஆகாது. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அழுவது, "நான் செத்தாத்தான் உனக்கு நிம்மதி" என்பது, ஹார்ட் டாக்டரிடம் காட்டிய சீட்டை எடுத்து மேஜையில் வைப்பது எல்லாம் அடிக்காமல் அடிக்கிற அடி.

கல்யாண விஷயத்துக்கு வருவோம். நம் பேச்சிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. "பெண் கேட்டு வந்திருக்காங்க" என்கிறோம். யாரிடம் கேட்கிறார்கள்? அப்பாவிடம், மாமாவிடம், பெரியப்பாவிடம். காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போகும் பெண்ணிடம் கேட்பவர் யார்? கடைசியில் அத்தை ஒருத்தி சமையலறைக்குள் வந்து, "உனக்குச் சம்மதம்தானே?" என்பாள். "தானே" என்ற சொல்லிலேயே பதில் இருக்கிறது.

வேளச்சேரியிலிருந்து அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போகாத குடும்பம் குறைவு. 1954இல் அதைத் தொடங்கி வைத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அவருடைய தந்தை நாராயணசாமி, இசை வேளாளர் குடும்பத்தில் பிறந்த சந்திரம்மாளை மணந்ததற்காக உறவினர்களால் ஒதுக்கப்பட்டவர். தன் விருப்பத்துக்கு விலை கொடுத்த அந்த மனிதர், வீட்டில் கல்யாணப் பேச்சு எழுந்த காலத்திலும் மகளைப் படிக்க வைத்தார். ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் அந்த ஒரு பெண் சேர்ந்தார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1914இல், அன்னி பெசன்ட் வழக்கு முடிந்த அதே வருஷம், டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். மணப்பதற்கு முன்னால் ஒரு நிபந்தனை வைத்ததாக அவரே தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே வரக்கூடாது என்பதுதான் அது. சுந்தர ரெட்டி ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதல் இல்லாமல் இருந்திருந்தால், சட்டசபை, அவ்வை இல்லம், கேன்சர் ஆஸ்பத்திரி எல்லாம் எந்தச் சமையலறைக்குள் அடங்கிப் போயிருக்குமோ! பிள்ளையின் சுதந்திரம் பற்றிப் பேசும் ஆண்கள் பலர் மனைவியின் சுதந்திரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. ஊருக்குப் போக, தங்கை வீட்டில் இரண்டு நாள் தங்க, தையல் மிஷின் வாங்க இன்றும் நம் வீடுகளில் பெண்கள் உத்தரவு கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நூறு வருஷம் கழித்து, பிரிவி கவுன்சில் கேட்ட அதே கேள்வி டெல்லியில் திரும்ப வந்தது. கேரளத்தைச் சேர்ந்த ஒரு பெண், சேலத்தில் ஹோமியோபதி மருத்துவம் படித்தவர், வயது இருபத்து நான்கு. பெற்றோரின் மதத்தை விட்டு வேறு மதத்துக்குப் போய், தன் விருப்பப்படி கல்யாணமும் செய்துகொண்டார். தந்தை கோர்ட்டுக்குப் போனார். 2017 மே மாதம் கேரள உயர் நீதிமன்றம் அந்தக் கல்யாணம் செல்லாது என்று சொல்லிப் பெண்ணைத் தந்தையிடம் ஒப்படைத்தது. உச்ச நீதிமன்றம் 2017 நவம்பர் 27ஆம் தேதி அந்தப் பெண்ணையே நேரில் வரவழைத்து அவரிடம் கேட்டது. உங்களுக்குக் காப்பாளர் யார் வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, கணவர் இருக்கட்டும் என்றார் அந்தப் பெண். கணவன் மனைவிக்குக் காப்பாளன் அல்ல என்று நீதிபதி ஒருவர் திருத்தினார். 2018 மார்ச் 8ஆம் தேதி உயர் நீதிமன்றத் தீர்ப்பு ரத்து செய்யப்பட்டது. வயது வந்தவர் யாரைக் கல்யாணம் செய்துகொள்வது என்பது அவருடைய வாழ்வுரிமையில் அடங்கியது என்பது இப்போது நாட்டின் சட்டம்.

இந்த வழக்கைப் படிக்கும்போது நம்மில் பலருக்கு மனம் அந்தத் தந்தையின் பக்கமே சாயும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மதம் மாறுவது என்பது பெற்றவர்களுக்குப் பிள்ளை செத்துப் பிழைப்பது போல. குமரி மாவட்டத்தில் ஒரே கொடிவழியில் அண்ணன் வீட்டில் திருநாமம், தம்பி வீட்டில் சிலுவை என்று தலைமுறை தலைமுறையாக இருப்பதைப் பார்த்தவர்கள் நாம். சண்டை போட்டுப் பிரிந்த வீடுகளும் உண்டு. கல்யாணம், சாவு இரண்டுக்கும் ஒன்றாக நின்று பந்தி பரிமாறும் வீடுகளும் உண்டு. இரண்டாவது வகை வீட்டில் யாருடைய நம்பிக்கையும் குறைந்து போனதாகத் தெரியவில்லை.

தாங்கலுக்கு வராத பிள்ளையைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பணிவிடைக்கு அம்மாவும் அப்பாவும் வருகிறார்கள், ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் வருவதில்லை. "அவனுக்கு நேரம் இல்ல" என்று தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்லும்போது பார்ப்பவர்களுக்கே கஷ்டமாக இருக்கிறது. சில பெற்றோர் இழுத்துக்கொண்டு வருகிறார்கள். வந்த பையன் செருப்பைக் கழற்றிவிட்டுச் செல்போனைப் பார்த்துக்கொண்டு மூலையில் நிற்கிறான். உடம்பை இழுத்து வரலாம். உள்ளே இருப்பதை எந்தக் கயிறு கட்டி இழுப்பது?

நம் பள்ளியறையில் சிலை இல்லை. நிலைக்கண்ணாடி இருக்கிறது. முன்னால் போய் நிற்பவருக்குத் தெரிவது அவரவர் முகம். அப்பா நின்றால் அப்பாவின் முகம், மகள் நின்றால் மகளின் முகம். மகள் நிற்கும்போது அதில் அப்பாவின் முகத்தைத் தேடுவதற்கு இடம் இல்லை. தலைப்பாகை கட்டி அந்தக் கண்ணாடி முன் நிற்பதை நாம் இன்று சாதாரணமாகச் செய்கிறோம். தலையில் துணி கட்டவும், முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டவும், குடை பிடிக்கவும் நம் முன்னோருக்கு அனுமதி இல்லாத காலத்தில், திருவிதாங்கூரில் ஒருவன் முதன்முதலாகத் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு வீட்டை விட்டு இறங்கியிருப்பான். அவனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள். "வேண்டாம்ல மக்களே, அடிச்சே கொன்னுருவானுவ" என்று வாசலில் நின்று அழுதிருப்பாள். அவள் பயம் நியாயமான பயம், நம் பயத்தைப் போல அல்ல. ஆனாலும் அவன் போனான். அவள் அவனை வீட்டுக்குள் பூட்டி வைத்திருந்தால் இன்று நம் தலையில் அந்தத் துணி இருக்குமா?

இதுவரை பிள்ளைகளைப் பற்றியே பேசினோம். இளையவர்கள் சுதந்திரம் கேட்கிறார்கள், பெரியவர்கள் கொடுக்க வேண்டும் என்ற மாதிரி ஆகிவிட்டது. அப்படி ஒரு பக்கமாகப் போகக்கூடாது. இன்று வேளச்சேரி வீடுகளில் அதிகம் கேட்கப்படாதவர்கள் வயதான அம்மாவும் அப்பாவும்தான்.

அப்பா இறந்துவிடுவார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பிள்ளைகள் கூடிப் பேசுவார்கள். "அம்மாவ இங்க தனியா விட முடியாது, மெட்ராஸுக்குக் கூட்டிட்டுப் போயிருவோம்." அம்மா திண்ணையில் உட்கார்ந்திருப்பாள், அவளிடம் கேட்பதில்லை. வீட்டைப் பூட்டி, ஆட்டையும் கோழியையும் பக்கத்து வீட்டுக்கு விற்று, அவளை ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்து வேளச்சேரியில் மூன்றாவது மாடி ஃபிளாட்டில் வைப்பார்கள். ஏ.சி. இருக்கும், டி.வி. இருக்கும், மருந்து நேரத்துக்கு வரும். லிஃப்ட் ஏற அவளுக்குப் பயம். எதிர் வீட்டுக்காரர் கதவைத் திறப்பதில்லை. ஊரில் என்றால் காலையில் முற்றம் தெளித்துவிட்டுத் தாங்கலுக்குப் போய் ஒரு விளக்குப் போட்டுவிட்டு, நாலு பேரிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு வருவாள். இங்கே பால்கனியில் உட்கார்ந்து பறக்கும் ரயில் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "அம்மாவுக்கு என்ன குறை வச்சேன்?" என்று மகன் கேட்பான். குறை ஒன்றும் வைக்கவில்லை. கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பெற்றோரைப் பிள்ளைகள் பராமரிக்க வேண்டும் என்று 2007ஆம் வருஷம் சட்டம் வந்தது. சாப்பாடு, துணி, இருப்பிடம், மருத்துவம் கொடுக்கச் சொல்கிறது. நல்ல சட்டம்தான். எங்கே இருக்க வேண்டும் என்று அவர்களிடம் கேட்கும் காரியத்தைச் சட்டம் பிள்ளைகளுக்குச் செய்து கொடுக்காது. எழுபது வயதில் ஊரில் தனியாக இருந்தால் விழுந்துவிடுவாள், ராத்திரி மூச்சு முட்டினால் யார் பார்ப்பார்கள் என்ற மகனின் பயம், மகள் வேலையை விட்டால் என்ன ஆவாளோ என்ற அப்பாவின் பயத்தின் அண்ணன் தம்பிதான். நினைவு தப்பிய தாயை, அடுப்பை அணைக்க மறக்கும் தாயைத் தனியாக விட முடியாது, அது வேறு. நல்ல நினைவோடு, "நான் இங்கயே இருக்கேன் மக்களே" என்று சொல்லும் தாய்க்கு அந்த ஒரு வார்த்தையாவது மிச்சம் இருக்க வேண்டாமா?

சில பிள்ளைகள் இதைச் சரியாகச் செய்கிறார்கள். அம்மாவை வாரச் சொல்லிக் கேட்டுப் பார்க்கிறார்கள். வரவில்லை என்றால் கோபித்துக்கொள்ளாமல், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பாத்ரூமில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வைத்து, வழுக்கும் தரையை மாற்றி, படுக்கைக்குப் பக்கத்தில் ஸ்விட்ச் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சாவியைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். கடை அடைக்கும் முன் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு போன். "சாப்பிட்டியாம்மா?" என்று மகன் கேட்பான். அம்மா சாப்பிட்டதைச் சொல்லிவிட்டு, முருங்கை காய்த்திருக்கிறது, தாங்கலில் நாளைக்கு ஏடு வாசிப்பு, நீ எப்போ வாறே என்று கேட்பாள்.